ஏழு நிமிடக் கூட்டம்

அன்று செவ்வாய்க்கிழமை. ஓகஸ்ட் மாதம், கண்டிப் பெரஹரா ஊர்வலம் தொடங்க இன்னும் நான்கு நாள் இருந்தது. காலைக் கூட்டம் ஏழு ஐந்துக்குத் தொடங்கி ஏழு பதினொன்றுக்கு முடிந்தது என்று என் கொப்பியில் இருக்கிறது. மழை இல்லை, ஆற்றில் தண்ணீர் கலங்கல் என்றும் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே பதினான்கு பேருக்கு நேரே பதினான்கு தடவை ஒரே சொல்: ஹரி.

அந்தப் பதினான்கில் ஒன்பதாவது ஹரியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். கொப்பி இப்போது தொழில் அலுவலகத்தின் கோப்பு ஒன்றுக்குள் இருக்கிறது. வேண்டிய பக்கங்களின் பிரதி மட்டும் என்னிடம் உண்டு. திகதியை முழுதாகப் போடாமல் எதையும் எழுதிப் பழக்கமில்லாதவன் நான். இங்கே கிழமையோடு நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் இது இன்னொருவருடைய கையைப் பற்றியது. அந்த நாளை வைத்து அவரை யாரும் தேடிப் போக வேண்டாம்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி, ஆற்றோரமாக இருந்த ஒரு சலவை நிலையத்தில் ஒன்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்தேன். கண்டியைச் சுற்றியுள்ள ஹோட்டல்களின் பெட்ஷீட், தலையணை உறை, துவாய், மேசைவிரிப்பு எல்லாம் மூட்டை மூட்டையாக எங்களிடம் வரும். துவைத்து, உலர்த்தி, மடித்து மறுநாள் போக வேண்டும். பெரஹரா மாதத்தில் மூட்டைகள் வாசல்வரை நிற்கும்.

அந்த வேலைக்கு நான் பொருத்தமானவன் என்றே நம்பியிருந்தேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே நாட்குறிப்பு எழுதுகிறவன். மழை, பஸ் வந்த நேரம், சந்தையில் மரக்கறி வரத்து, யார் இறந்தார், எந்த வீதி மூடப்பட்டது என்று எதையும் விட்டதில்லை. வாசிப்பும் அப்படித்தான். பழைய மன்னர்களின் வரலாற்றில் தொடங்கி, நேரத்தை எப்படிச் செலவிடுவது, ஆட்களை எப்படி நடத்துவது என்று சொல்லும் புத்தகங்களுக்கு வந்து சேர்ந்தேன். கண்டி பழைய புத்தகக் கடைகளில் அவை நிறையக் கிடைக்கும். முன்பு வைத்திருந்தவர்கள் முதல் முப்பது பக்கத்தில் கோடு போட்டுவிட்டு அப்புறம் விட்டிருப்பார்கள். நான் கடைசிப் பக்கம்வரை வாசித்தேன். வாசித்தபடி செய்யவும் செய்தேன்.

காலையில் கண் விழித்ததும் அன்றைய மூன்று வேலைகளை எழுதுவேன். ஒரு கடதாசியை இரண்டு தடவை கையில் எடுக்க மாட்டேன். மாலை வீட்டுக்குப் போகும்போது மேசை வெறுமையாக இருக்கும். என்னிடம் குறை சொல்ல வருகிறவர், அதைத் தீர்க்கும் வழியையும் கையோடு கொண்டு வர வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். வெறும் குறையோடு வந்தவரை, "யோசிச்சுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவேன். திரும்பி வந்தவர்கள் குறைவு. குறைகளே குறைந்துவிட்டன என்று எடுத்துக்கொண்டேன்.

காலைக் கூட்டமும் என் ஏற்பாடுதான். எனக்கு முன்னிருந்தவர் காலத்தில் அது அரை மணித்தியாலம் இழுக்குமாம். எல்லோரும் உட்கார்ந்து, தேநீரோடு, பஸ் வராத கதையும் பைப் ஒழுகும் கதையும் பேசுவார்களாம். நான் கதிரைகளை எடுத்துவிட்டேன். நின்றபடி கூட்டம், ஏழு நிமிடம். சுவர் மணிக்கூட்டுக்குக் கீழே நின்று ஒவ்வொரு மெசினின் பெயராகச் சொல்வேன். அதில் நிற்பவர் ஒரு சொல்லில் பதில் தர வேண்டும். தமிழ், முஸ்லிம் பெண்கள் "சரி" என்பார்கள், சிங்களப் பெண்கள் "ஹரி" என்பார்கள். கொதிகலன் இரைகிற இரைச்சலில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, பொருளும் ஒன்றுதான். நான் எல்லோருக்கும் ஹரி என்றே எழுதினேன். மூன்று இனத்து ஆட்களையும் ஒரே சொல்லுக்குள் கொண்டுவந்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

"சேர்கிட்ட நம்ம செத்துப் போனோம்னு சொன்னாலும் ஹரின்னு எழுதிட்டு அடுத்த ஆளுக்குப் போயிருவாரு," என்று ஒருநாள் முதுகுக்குப் பின்னால் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொன்னது ரோலரில் நிற்கும் பெண். ஒன்பதாவது இடம் அவருடையது.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். பதினான்கு வருடம் கொழுந்து பறித்துவிட்டு இங்கே இறங்கியவர். கிழமை நாட்களில் கட்டுகஸ்தோட்டையில் இன்னும் மூன்று பெண்களோடு ஒரு வாடகை அறை, சனிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறி வீடு, திங்கள் விடிய முன் மறுபடி பஸ். வேலைக்குச் சேர்ந்து ஆறாம் மாதம் போல ஒருநாள் தன் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார்.

"பாருங்க சேர். கொழுந்துக் கறையெல்லாம் போயிருச்சு. டீச்சர் கை மாதிரி இல்ல?"

"சோப்புத் தண்ணியில நின்னா யார் கையும் அப்படித்தான் ஆகும்," என்றேன்.

"உங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை வாயில வராதே."

அந்தக் கையை நான் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். கொப்பியில் அது பதிவாகவில்லை. வேலை சம்பந்தப்பட்டதல்ல என்று விட்டிருப்பேன்.

ரோலர் என்பது பெரிய, சூடான உருளை. ஈரப் பெட்ஷீட்டின் விளிம்பை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து வாய்க்குள் கொடுத்தால், மறுபக்கம் காய்ந்து சுருக்கமில்லாமல் வரும். வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி உண்டு. துணியோடு விரலும் உள்ளே போகப் பார்த்தால் அந்தக் கம்பியில் படும். பட்டதும் மெசின் நின்றுவிடும். அந்த வருடம் ஜூலையிலிருந்து கம்பியில் எது பட்டாலும் மெசின் நிற்கத் தொடங்கியது. தடித்த விளிம்புள்ள மேசைவிரிப்பு போனாலே நின்றது.

மெசின்களைப் பார்க்க வாரம் ஒருமுறை வரும் முஸ்லிம் மெக்கானிக்கை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். அவர் கம்பியை ஆட்டிப் பார்த்து, எண்ணெய் விட்டு, கையைத் துடைத்தார்.

"வயசாகிட்டு சேர். இனி கொஞ்சம் கோவக்காரனாத்தான் ஈக்கும். கொஞ்ச நாளைக்கு இப்படியே பாருங்க."

"ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நின்னா வேலை எப்படி ஓடும் நானா?"

"நிண்டா நிக்கட்டும். அது நிக்கிறதாலதான் கையி ஈக்கி."

நான் ஒரு கரும்பலகை வாங்கி ரோலருக்குப் பக்கத்தில் மாட்டினேன். மெசின் எத்தனை தடவை நின்றது என்று ஒவ்வொரு நாள் மாலையும் அதில் எழுதினேன். எந்தத் துணிக்கு, எந்த நேரத்துக்கு நிற்கிறது என்று பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பதே என் எண்ணம். உண்மையாகவே அதுதான் எண்ணம். ஆனால் அதை அவர்களிடம் சொல்லவில்லை. பலகையில் எழுதப்பட்ட எண்ணைத் தங்களுக்குப் போட்ட புள்ளியாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு. ரோலரைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் பலகையைப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை பூச்சியம். சனிக்கிழமையும் பூச்சியம். சனிக்கிழமை தேநீருக்கு எல்லோருக்கும் பணிஸ் வாங்கிக் கொடுத்தேன். திங்கள் பூச்சியம். அந்த மூன்று பூச்சியங்களுக்குக் கீழும் கொப்பியில் கோடு போட்டிருக்கிறேன். ஏன் பூச்சியம் என்று யாரிடமும் கேட்கவில்லை. அந்த மூன்று நாளும் பலகையில் எழுதப் போனேனே தவிர, மெசினைக் குனிந்து பார்த்ததாகப் பதிவில்லை.

செவ்வாய் காலை ஒன்பது நாற்பது. நான் அறையில் ஹோட்டல் பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தல் கேட்டது. அதற்குப் பிறகும் ரோலர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததுதான் எனக்கு இன்றும் காதில் நிற்கிறது. மறுபக்கம் பிடித்துக்கொண்டிருந்த சிங்களப் பெண் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தாள். கம்பி மேலே தூக்கி, ஒரு துணிக் கீற்றால் கட்டப்பட்டிருந்தது. கிழிந்த தலையணை உறையின் விளிம்பு. நீலக் கோடு போட்டது. சூட்டில் அது பழுப்பேறி, பாதி கருகியிருந்தது.

வலது கை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

முச்சக்கர வண்டி வந்து நின்றபோது நான் செய்த ஒன்றை மட்டும் எழுத வேண்டும். அறைக்குத் திரும்பிப் போய், கொப்பியைத் திறந்து, "9.40. ரோலர். விபத்து" என்று எழுதிவிட்டுத்தான் வண்டியில் ஏறினேன்.

புதன்கிழமை முதலாளி கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது குறைந்தவர். அப்பா விட்டுப்போன வியாபாரத்தைக் கஷ்டப்பட்டு இழுத்துக்கொண்டிருந்தவர்.

"அண்ணே, செவ்வாய் காலைல கூட்டம் வச்சீங்களா?"

"ஒரு நாளும் தவறினதில்லையே முதலாளி."

"அந்தப் பொம்பளை என்ன சொன்னிச்சு?"

கொப்பியைப் புரட்டிக் காட்டினேன். அவர் மூச்சு விட்டார். "இந்தப் பக்கத்த ஒரு போட்டோகொப்பி எடுத்துத் தாங்க."

எடுத்துக் கொடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒரு பக்கம் இருந்ததில் ஒரு திருப்திகூட இருந்தது.

வெள்ளிக்கிழமை பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர், என் குரல் கேட்டுத் திரும்பினார். கை மணிக்கட்டுக்கு மேல்வரை கட்டுப் போட்டிருந்தது. கொண்டு போன அப்பிள்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"வலி எப்படி இருக்கு தங்கச்சி?"

"வலி இருக்கு. விரல்தான் இல்ல."

நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். அவர் அப்பிள் பையைப் பார்த்தார்.

"முதலாளி ஆள் அனுப்பியிருந்தாரு. மெசின் நல்லா இருக்குன்னு நானே காலைல சொன்னேனாம். அப்புறம் நானே கவனமில்லாம கைய விட்டேனாம். உங்க கொப்பில இருக்காம்."

"கொப்பில ஹரின்னு இருக்கு."

"நான் ஹரின்னு சொல்லல சேர்."

"சரின்னு சொன்னாலும் நான் ஹரின்னுதான்..."

"சரின்னும் சொல்லல. 'சரி பண்ணணும் சேர்'னு சொன்னேன். நீங்க 'சரி' வரைக்கும் கேட்டீங்க. நான் வாய மூடுறதுக்குள்ள உங்க பேனா அடுத்த ஆளுக்குப் போயிருச்சு."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். நான் கேட்டிருக்க வேண்டாத கேள்வியைக் கேட்டேன்.

"கம்பியக் கட்டினது யாரு?"

"நான்தான். வியாழக்கிழமை பின்னேரம்." அவர் அதை மறைக்க முயலவில்லை. "நீங்க போர்ட்ல எழுதுறீங்க, வாறவன் போறவனெல்லாம் பார்க்கிறான். எங்க ரெண்டு பேருக்கும் வேலை தெரியாத மாதிரி இருந்துச்சு. கட்டினேன். நீங்க பணிஸ் குடுத்தீங்க."

"அப்ப செவ்வாக்கிழமை ஏன் சொல்ல வந்தீங்க?"

"திங்கள் சாயந்தரம் பார்க்கிறேன், கட்டின துணி கருகுது. பயம் வந்துருச்சு. இனிக் கட்டவும் ஏலாது, கட்டாமலும் ஏலாது. அதான், சேர் ஏசினாலும் பரவாயில்ல, நாளைக்குக் கூட்டத்துல எல்லாருக்கும் முன்னால சொல்லிருவோம்னு நெனச்சேன். தனியா வந்தா யோசிச்சுட்டு வான்னுதானே சொல்வீங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் காலையை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். ஆற்றுத் தண்ணீரின் நிறம் நினைவிருந்தது. மணிக்கூட்டின் முள் நினைவிருந்தது. எட்டாவது ஆள் தும்மியதுகூட நினைவிருந்தது. அவர் குரல் மட்டும் வரவில்லை. "சரி" என்ற இடத்தோடு வெட்டுப்பட்டு நின்றது. அதற்குப் பிறகு அவர் பேசினாரா, பேசவில்லையா? என்னிடம் இருந்த ஒரே சாட்சி என் கையெழுத்து. அது அவருக்கு எதிராக இருந்தது.

இனி நடந்ததில் எனக்குக் கௌரவம் தருவது எதுவும் இல்லை.

செப்டெம்பரில் முதல் விசாரணை. தொழில் அலுவலகத்தில் ஒரு நீண்ட மேசை. ஒரு பக்கம் முதலாளியும் நானும், எதிரே அவரும் அவர் கணவரும். தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான். மெசின் பழுது என்று அவர் முன்கூட்டியே அறிவித்தாரா, இல்லையா? அறிவித்திருந்தால் தவறு நிலையத்தினுடையது. இல்லையென்றால், பாதுகாப்புக் கம்பியைத் தானே கட்டிவைத்து, மெசின் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கையை விட்டவர் அவர். விசாரித்த அதிகாரி சிங்களத்தில் கேட்டார். நானும் சிங்களத்தில் பதில் சொன்னேன்.

இது உங்கள் எழுத்தா என்றார். ஆம் என்றேன். அன்று காலை அவர் சொன்னதையா எழுதினீர்கள் என்றார்.

"கூட்டத்தில் சொன்னதைத்தான் எப்போதும் எழுதுவேன்," என்றேன்.

அது பொய்யில்லாத ஒரு வாக்கியம். வேலையும் போகாது, பொய்யும் சொன்னதாகாது என்று, முதல்நாளே வீட்டில் யோசித்துத் தயாரித்துக்கொண்டு போன வாக்கியம். எதிரே இருந்த அந்தப் பெண் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மடியில் இருந்த, கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். சிங்களப் பெண்ணையும் கேட்டார்கள். தனக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது, "சரி" என்ற சொல் காதில் விழுந்தது, பிறகு ஏதோ சொன்ன மாதிரியும் இருந்தது, என்னவென்று விளங்கவில்லை என்றாள். மேற்பார்வையாளரின் முழுக் குறிப்பையும் பார்க்க வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். தேவையில்லை என்று முதலாளி சொன்னார். இன்னொரு நாள் குறித்தார்கள்.

அடுத்த ஐந்து வாரமும் ஒவ்வொரு மாலையும் பழைய கொப்பிகளை எடுத்து வாசித்தேன். ஒன்பது வருடத்துக் காலைகள். ஹரி, ஹரி, ஹரி. எங்கேயாவது நான் ஒருவரை முழுதாகக் கேட்டிருக்கிறேனா என்று தேடினேன். ஒரு திங்கட்கிழமையில் கை நின்றது. அன்று துவைக்கும் மெசினில் நின்ற ஒரு பெண், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கூட்டத்தின் நடுவே அழுதாள். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. நானே லீவு கொடுத்து அனுப்பினேன். கொப்பியில் அவள் பெயருக்கு நேரே இருந்தது: ஹரி.

ஆக, கொப்பி பொய் சொல்லும். நான் இறந்த பிறகு யாராவது எடுத்துப் பார்த்து, கண்டியில் ஒரு காலத்தில் மக்கள் இப்படி வாழ்ந்தார்கள் என்று நம்புவார்கள் என நான் எண்ணியிருந்த கொப்பி.

இரண்டாவது விசாரணைக்கு முதல்நாள் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. களைத்த முகத்தோடு கேட்டார்.

"அண்ணே, அந்தப் பக்கம் பிழைன்னு நீங்களே சொன்னா, மத்தப் பக்கத்த யாரு நம்புவா?"

"அதப் பத்தி யோசிக்கல முதலாளி."

"யோசிங்க. யோசிச்சுட்டு வாங்கன்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்வீங்க."

யோசிக்காமலே போனேன். முழுக் கொப்பியையும் மேசையில் வைத்தேன். மூன்று பூச்சியங்களைக் காட்டினேன். பன்னிரண்டு தடவை நின்ற மெசின் ஒரே இரவில் நிற்காமல் போனதென்றால் கம்பி கட்டப்பட்டிருக்க வேண்டும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவன் நான், கேட்கவில்லை என்றேன். பிறகு ஹரி என்ற சொல்லுக்கு வந்தேன். அவர் "சரி பண்ணணும்" என்று சொல்லியிருக்கிறார், நான் முதல் பாதியை மட்டும் கேட்டு எழுதிவிட்டேன் என்று சிங்களத்தில் விளக்கத் தொடங்கினேன்.

அதிகாரி பேனாவை வைத்தார். "ஹரிகஸ்ஸன்ன ஓனே," என்று மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். பழுது பார்க்க வேண்டும் என்பதற்குச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அதிலும் முதல் பாதி ஹரிதான். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. முகத்தில் தெரிந்தது.

"அவர் அப்படிச் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா?" என்று கேட்டார்.

விழவில்லை. விழுந்தது என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும். எதிரே அவர் கணவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழவில்லை," என்றேன். "ஆனால் அவர் சொல்வதை நம்புகிறேன். என் கொப்பி பிழை."

"கொப்பி பிழை என்றால், இந்தப் பூச்சியங்கள்?"

முதலாளி சொன்னது அப்போதுதான் உறைத்தது. ஒரு பதிவைப் பொய்யென்று தள்ளி, இன்னொரு பதிவை மெய்யென்று நிறுவ நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அதிகாரி நல்ல மனிதர். நெடுநேரம் கொப்பியைப் புரட்டினார். கடைசியில் அதை மூடி, ஒரு நூலால் கட்டி, கோப்புக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் வேலைக்குப் போனேன். வாசலில் முதலாளி நின்றார். "இனி வரவேணாம் அண்ணே," என்றார். நான் என் பேனாவையும் குடையையும் எடுத்துக்கொண்டேன். கரும்பலகை அங்கேயே இருந்தது, அழிக்கப்பட்டிருந்தது.

இப்போது பேராதனையில் ஒரு சிறிய களஞ்சியத்தில் பொறுப்பாளராக இருக்கிறேன். என் கீழே இரண்டு பேர். காலையில் அவர்களோடு உட்கார்ந்து, "இன்னிக்கு எது சரியில்ல?" என்று கேட்கிறேன். கேட்கும்போது கையில் பேனா வைத்துக்கொள்வதில்லை. அவர்கள் நிறுத்தியபிறகும் கொஞ்சம் காத்திருக்கிறேன், ஏனென்றால் நிறுத்திய இடத்துக்குப் பிறகுதான் பல தடவை விஷயம் வருகிறது. சில நாள் அரை மணித்தியாலம் போய்விடுகிறது. நேரத்தை வீணாக்குகிறேன் என்று மேலிடத்தில் இரண்டு தடவை சொல்லிவிட்டார்கள். அது உண்மையும்தான், வருகிற பேச்சில் பெரும்பகுதி பஸ்ஸும் பைப்பும்தான். எனக்கு முன்னிருந்தவருடைய அந்தப் பழைய அரை மணித்தியாலத்தில் என்னென்ன பேசப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன். இந்தப் பழக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. இதனால் யாருடைய கையாவது தப்பியிருக்கிறதா என்றும் தெரியாது. நடக்காததைப் பதிவு செய்ய வழியில்லை.

தீர்மானம் பெப்ரவரியில் வந்தது. நிலையத்தின் மீதும் தவறு உண்டு. கம்பியைத் தானே கட்டியதால் அவர் மீதும் தவறு உண்டு. பழுது அறிவிக்கப்பட்டதா என்பது நிறுவப்படவில்லை. முதலாளி மேல்முறையீடு செய்யப்போவதாகக் கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாவலப்பிட்டிக்கு பஸ் ஏறினேன். தீர்மானக் கடிதம் அந்தப் பெண்ணுக்கும் போயிருக்கும், சிங்களத்தில் போயிருக்கும். வாசித்துச் சொல்ல ஆள் வேண்டியிருக்கலாம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஓட்டோவில் போய், கடைசிப் பகுதியை நடந்தேன். அவர் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து, இடது கையால் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகின் மறுவிளிம்பை முழங்காலில் முட்டுக் கொடுத்திருந்தார். அரிசி ஒரு பக்கமாகச் சிந்தியது. என்னைக் கண்டு எழுந்து, வீட்டுக்குள்ளிருந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார். நான் உதவப் போனேன், விடவில்லை.

கடிதத்தை வாசித்துத் தமிழில் சொன்னேன். ஒரு வரியையும் விடாமல் சொன்னேன்.

"நிறுவப்படவில்லைன்னா?"

"நீங்க சொன்னதுக்குச் சாட்சி இல்லன்னு அர்த்தம்."

"பொய் சொன்னேன்னு அர்த்தமா?"

"இல்ல. பொய்ன்னும் சொல்லல. உண்மைன்னும் சொல்லல."

"ம்." சுளகைக் கீழே வைத்தார். "தோட்டத்துத் தொரைகிட்ட கேட்டேன், மலைக்கு வரலாமான்னு. இந்தக் கையோட எப்படிக் கொழுந்து எடுப்பேன்னாரு. நியாயம்தான். ஒத்தக் கையில எத்தனை கிலோ எடுக்க?"

வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அதையும் பஸ்ஸிலேயே தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். பாதியில் சொற்கள் குழம்பிவிட்டன. அவர் குறுக்கே பேசவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்தார். முடித்த பிறகும் கொஞ்சம் காத்திருந்தார்.

"ஒண்ணு கேக்கவா சேர்?"

"கேளுங்க தங்கச்சி."

"அன்னிக்குக் கூட்டம் எத்தனை நிமிஷத்துல முடிஞ்சுச்சு? கொப்பில இருக்கும்ல."

இருந்தது. பிரதி என் பைக்குள்ளேயே இருந்தது. எடுத்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"ஆறு நிமிஷம்."

"ஏழுதானே கணக்கு?"

"ஏழுதான்."

"அப்ப ஒரு நிமிஷம் மிச்சம் இருந்திருக்கு," என்றார்.

நான் தலையாட்டினேன். உள்ளே அடுப்பில் தண்ணீர் கொதித்து, மூடி தட்டும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து போனார். கேத்தலை இறக்க இடது கையை மட்டும் பாவித்ததால் அது கொஞ்ச நேரம் எடுத்தது. நான் வாசலில் உட்கார்ந்து காத்திருந்தேன்.